பிரெஞ்சில் ஒரு வையை

மதுரையில் ஒரு பிள்ளை ப்ளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுத்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. மார்க்குக்குத்தான். தமிழில் போகிற மார்க் பிரெஞ்சில் போகாது என்று வீட்டில் ஏற்கெனவே கணக்குப் போட்டிருப்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள் படிப்பது பெரும்பாலும் கனடாவை நினைத்து. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்றே 2023 முதல் அந்த நாடு குடியேற்றத்துக்குத் தனிச் சுற்று நடத்துகிறது. இரண்டையும் நான் குறையாகச் சொல்ல மாட்டேன். பிழைப்புக்காக மொழி படிப்பது மரியாதையான காரியம்.

ஆனால் மதுரைக்காரர்களுக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. அதை நம் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம். நம் ஊரைப் பற்றி மிகக் கவனமாக எழுதப்பட்ட சில பக்கங்கள் பிரெஞ்சில் இருக்கின்றன.

லூயி துய்மோன் என்ற மானிடவியலாளர், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, ஹாம்பர்க் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சமஸ்கிருதம் படித்தவர். பிறகு தமிழும் கற்றார். 1949, 50 வாக்கில் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊரில் வந்து தங்கினார். யாருக்கு யார் முறை, தாய்மாமன் என்ன செய்ய வேண்டும், கோயிலில் பங்காளிகளின் உரிமை எப்படி என்று விசாரித்து விசாரித்து அவர் எழுதிய பெரிய நூல் 1957இல் பிரெஞ்சில் வந்தது. ஆங்கிலத்துக்கு வர 1986 ஆனது. தன் தாத்தா காலத்துச் சீர்முறையைப் படிக்க விரும்பிய உசிலம்பட்டிப் பிள்ளைக்கு, அந்த 29 வருஷமும் பிரெஞ்சு தெரியாமல் வழியில்லை.

நான் பிரெஞ்சு படிக்க உட்கார்ந்தது இன்னொரு புத்தகத்துக்காக. பிரான்சுவா குரோவின் பரிபாடல். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1968இல் வெளியிட்டது. தமிழ் மூலம், முன்னுரை, பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, குறிப்புகள் எல்லாம் ஒரே நூலில். 70 பாட்டில் முழுசாக மிஞ்சிய 22ஐ உ.வே.சா. 1918இல் அச்சேற்றினார். அதில் எங்கே திரும்பினாலும் நம் ஊர்தான்: வையையின் புதுவெள்ளம், திருமாலிருஞ்சோலை, பரங்குன்றம். நமக்குத்தான் தமிழே இருக்கிறதே, அதை ஏன் பிரெஞ்சில் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். ஊர்க்காரர் கேள்வியே இல்லாமல் கடந்துபோகிற வரியில் வெளியூர்க்காரர் நின்று விசாரிப்பார். குரோ அப்படி நின்ற இடங்களை அவர் மொழியிலேயே பார்க்க எனக்கு ஆசை.

இந்த வருஷம் பிரெஞ்சு எடுத்திருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. பரீட்சை முடிந்ததும் பாடப்புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் போட்டுவிடாதீர்கள். பரிபாடலின் 19ஆம் பாட்டை முதலில் தமிழில், உரையோடு படியுங்கள். மதுரை ஜனங்கள் பரங்குன்றத்துக்குக் கூட்டமாகப் போகிறார்கள். அங்கே சுவரோவியங்கள். பார்க்கிறவர்கள் இது யார், அது யார் என்று கேட்க, தெரிந்தவர்கள் சொல்லிக்கொண்டே வருகிறார்கள்: இவள் ரதி, இவன் காமன், பூனையாக இருப்பவன் இந்திரன், இவள் அகலிகை. பிறகு அதே பாட்டைக் குரோவிடம் தேடுங்கள். இது யார், அது என்ன என்று கேட்கவும் பதில் சொல்லவும்தான் பிரெஞ்சு வகுப்பில் முதல் மாதமே பழகிவிட்டீர்களே.