சோதனை நாளும் மற்ற நாட்களும்

நமது பங்கு வீட்டுக் கொட்டகையில் வெள்ளை நிற அம்பாசிடர் வண்டி ஒன்று நிற்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். எனக்கு முன்னிருந்த சுவாமியார் பழைய வண்டியாக வாங்கி, எனக்கு விட்டுச் சென்றது அது. டீசல் வண்டி, இருபது வயதைத் தாண்டிவிட்டது. அதை வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா என்று சென்ற கூட்டத்தில் கேள்வி எழுந்தபோது நான் வரவு செலவுக் கணக்கை மட்டுமே பேசினேன். சொல்ல வேண்டிய வேறொன்றைச் சொல்லாமல் விட்டேன். அதை இந்த வாரம் எழுதித் தீர்த்துவிட விரும்புகிறேன். விஷயம் வண்டியோடு நின்றுவிடுவதல்ல என்பதால், வண்டியே இல்லாதவர்களும் வாசிக்கலாம்.

முதலில் வண்டிக்குரிய மரியாதையைச் செய்துவிடுவோம். இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாம் வரிசையை மாதிரியாகக் கொண்டு, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் 1957-ம் ஆண்டு செய்யத் தொடங்கிய வண்டி இது. மந்திரிமார் ஏறினார்கள், மணமக்கள் ஏறினார்கள், பிரசவ வேதனைப்பட்ட ஏழைப் பெண்களும் ஏறினார்கள். 2014-ம் ஆண்டு மே மாதத்தில் அந்தத் தொழிற்சாலையில் வேலை நின்றுபோயிற்று. ஆனாலும் வண்டி இன்னும் ஓடுகிறது. காரணம், பழுது பார்ப்பதற்கு இடம் கொடுத்துச் செய்யப்பட்ட வண்டி அது. பானெட்டைத் தூக்கினால் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். கெட்டதை எறிந்துவிடாமல் சீர்ப்படுத்தி ஆள்வது நல்ல குணம். வீண் செலவு செய்யாதிருப்பதும் நல்ல குணம். பழைய வண்டி வைத்திருப்பவர் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் அதற்குப் புகை உண்டு. எங்கிருந்து வருகிறது அந்தப் புகை? பெட்ரோல் எஞ்சினில் ஒரு பொறி தெறித்துத் தீ மூட்டுகிறது. டீசல் எஞ்சினிலோ பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நசுக்க, அந்த நெருக்கத்திலேயே காற்று கொதிக்கக் காய்ந்துவிடுகிறது. அச்சமயம் இன்ஜெக்டர் என்னும் ஊசித்துளை வழியாக டீசல் மூடுபனிபோலத் தெளிக்கப்பட்டுத் தானே பற்றிக்கொள்கிறது. துளை தேய்ந்து, பனிபோல விழவேண்டியது சொட்டாக விழுந்தால் முழுவதும் எரியாது. காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டாலும் அப்படியே. எரியாத மிச்சம் கரியாகி வெளியே வருவதுதான் கரும்புகை. ஆயில் எரிந்தால் நீலப்புகை. குளிர்ந்த எஞ்சினில் டீசல் பற்றாமல் ஆவியானால் வெண்புகை. ஆக, புகை என்பது எஞ்சின் தன் நோயைத் தானே வாய்விட்டுச் சொல்வது. கேட்கிறவன் கேட்கலாம்.

கேளாதிருக்கவும் ஒரு வழி உண்டு. அந்த வழியில்தான் நான் போனேன்.

புகைச் சான்றிதழ் வாங்கும் தவணை வந்தது. சோதனை எளியது. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்துவார்கள். சைலன்சர் குழாயிலிருந்து வரும் புகையினூடே ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி மறைகிறது என்று கருவி அளக்கும். நமது வண்டியின் வயதுள்ள டீசல் வண்டிகளுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகுக்கு மேல் போகக்கூடாது. நமது வண்டி மேலே போயிற்று, திருப்பி அனுப்பினார்கள்.

மெக்கானிக்கிடம் போனேன். நல்ல மனிதர், என்னைவிட மூத்தவர். "சாமி, இன்ஜெக்டர் நாலையும் கழற்றி, நாசில் மாற்றி, பம்பையும் கலிபரேஷன் பண்ணினால் பதினாலாயிரம் ஆகும். இப்போதைக்கு வேண்டாம். பம்பிலே ஒரு ஸ்குரூ இருக்கிறது. அதைக் கொஞ்சம் உள்ளே முடுக்கினால் டீசல் குறையும், புகையும் குறையும். சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வாருங்கள், பழையபடி வைத்துத் தருகிறேன். இல்லாவிட்டால் பாலத்து மேட்டில் வண்டி இழுக்காது" என்றார்.

பதினாலாயிரம் ரூபாய் பங்குக்குச் சிறிய தொகை அல்ல. சரி என்றேன். ஸ்குரூ முடுக்கப்பட்டது, சான்றிதழ் கிடைத்தது, ஸ்குரூ பழைய இடத்துக்குத் திரும்பியது. எல்லாம் ஒரு மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து, சாயங்காலம், வண்டி நிறைய ஆட்களோடு பாலத்து மேட்டில் ஏறினேன். பின்னால் கண்ணாடியில் கருமேகம். ஓரமாக ஒரு தாய் கைக்குழந்தையோடு நடந்து கொண்டிருந்தாள். புகையைக் கண்டதும் முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடினாள். மறுகணம், ஓட்டுகிறவன் யார் என்று அறிந்தாள். மூடியது மரியாதைக் குறைவாகப்படும் என்று நினைத்தாளோ என்னவோ, முந்தானையை எடுத்துவிட்டு, இரு கையும் கூப்ப முடியாமல் ஒரு கையைத் தூக்கி, "தோத்திரம் சாமி" என்றாள். குழந்தை இருமிற்று.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மனச்சாட்சி என்னை மடக்கிக் கேட்டது; நானும் குருமடத்தில் படித்த தருக்கத்தையெல்லாம் கொண்டு வழக்காடிப் பார்த்தேன். அந்த வழக்கை அப்படியே தருகிறேன்.

முதல் ஆட்சேபம்: "சட்டம் சான்றிதழைக் கேட்டது. சான்றிதழ் இருக்கிறது. சோதனையின் போது புகை உண்மையாகவே குறைவாயிருந்தது. இதில் பொய் எங்கே?"

விடை: பொய் என்பது வாயால் மட்டும் சொல்வதல்ல. சான்றிதழ் ஒரு சாட்சி. "இந்த வண்டி தெருவில் ஓடும்போது இவ்வளவுதான் புகைக்கும்" என்று அது ஊராருக்குச் சொல்கிறது. ஒரே நாள் மட்டும் வண்டியை வேறு வண்டியாக்கிக் காட்டினால், கருவியின் வாயால் நாம் பொய் சொல்கிறோம். கருவிக்குப் பாவமில்லை, ஸ்குரூவைத் திருகச் சொன்னவனுக்கு உண்டு.

இதே காரியத்தைப் பெரிய அளவில் செய்தவர்களை உலகமே கண்டித்தது. ஜெர்மன் தேசத்து வோக்ஸ்வாகன் கம்பெனி, தனது டீசல் கார்களில் ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டை வைத்திருந்தது. வண்டி சோதனையில் நிற்கிறதா, சாலையில் ஓடுகிறதா என்பதை அது கண்டுகொள்ளும். சோதனையில் மட்டும் நச்சு வாயுவை அடக்கும். வெஸ்ட் வர்ஜீனியா சர்வகலாசாலையார் வண்டியைச் சாலையிலேயே ஓட்டி அளந்தபோது கணக்கு ஒத்துவரவில்லை. 2015-ம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அரசாங்க இலாகா குற்றத்தை வெளிப்படுத்திற்று. சில வண்டிகள் சாலையில் அனுமதித்த அளவைப்போல் 40 மடங்குவரை நைட்ரஜன் ஆக்சைடு விட்டனவாம். உலகெங்கும் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்த ஏற்பாடு இருந்ததாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அந்தச் செய்தியை வாசித்த நாளில் நான் தலையில் அடித்துக்கொண்டு, "என்ன மோசம்!" என்றேன். அவர்கள் கம்ப்யூட்டரால் செய்ததை நான் ஒரு ஸ்குரூவால் செய்தேன். அளவு வேறு, ஜாதி ஒன்றே.

இரண்டாம் ஆட்சேபம்: "லாரியும் பஸ்ஸும் விடும் புகைக்கு முன் என் வண்டிப் புகை எம்மாத்திரம்?"

விடை: கடல் நிறைய உப்பிருக்கிறது என்பதற்காக அடுத்த வீட்டுக் கிணற்றில் உப்பைக் கொட்டலாமா? டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-ம் ஆண்டு ஜூனில் தீர்மானமாக வகுத்துரைத்தது. அந்தக் குழந்தை அச்சமயம் சுவாசித்தது லாரிப் புகையை அல்ல, என் புகையை. அதற்கு நான்தான் பொறுப்பாளி.

மூன்றாம் ஆட்சேபம்: "ஏழை என்ன செய்வான்? புது வண்டி வாங்கப் பணமில்லை. பழையதைப் பழுதுபார்க்கவும் பணமில்லை."

விடை: இங்கே பிரித்துப் பேச வேண்டும். பழைய வண்டி வைத்திருப்பதற்கு ஏழ்மை போதிய நியாயம். பழுதுபார்ப்பைச் சிறிது காலம் தள்ளிப்போடுவதற்கும், அதுவரையில் வண்டியைக் குறைவாக எடுப்பதானால், நியாயமாகலாம். ஆனால் நான் மிச்சம்பிடித்த பதினாலாயிரம் காற்றில் மறைந்துவிடவில்லை. பாலத்து மேட்டில் நடப்பவர்கள் அதைத் தங்கள் நெஞ்சால் செலுத்தினார்கள். கால்நடையாய்ப் போகிறவர்கள் வண்டிக்காரனைவிட ஏழைகள் அல்லவா? ஏழ்மையைச் சாக்குச் சொல்லி, இன்னும் ஏழையின் தலையில் செலவை ஏற்றுவது நியாயமாகாது.

இனி மறுகரையில் நின்று பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "பழைய டீசல் வண்டிகளையெல்லாம் நொறுக்கிவிட்டால் தீர்ந்தது" என்பார்கள். தலைநகர் டில்லியில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் ஓடக்கூடாதென்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டதும், 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை வலியுறுத்தியதும் தெரிந்ததே. மூச்சுத் திணறும் நகரத்துக்கு அப்படிப்பட்ட கட்டளை தேவைப்படலாம். ஆயினும் புது வண்டி வானத்திலிருந்து இறங்குவதில்லை. அதன் இரும்பை உருக்கவும் நிலக்கரி எரிகிறது. அன்றியும், "நான் பழையதை ஒழித்தேன்" என்று பெருமைப்படுகிறவர் பெரும்பாலும் அதை ஒழிப்பதில்லை. வேறு ஊரில் ஒருவனுக்கு விற்கிறார். புகை இடம் மாறுகிறதேயன்றி மறைவதில்லை.

விற்பதிலும் ஒரு நியாயம் உண்டு. அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் தமது பெருநூலில் இதையே ஒரு கேள்வியாக எடுத்து விவாதித்திருக்கிறார். குதிரைக்கு ஒரு கண்தான் என்பதுபோல் குற்றம் வெளிப்படையாயிருந்து, விலையும் அதற்குத்தக்கபடி குறைந்திருந்தால், விற்பவன் வாய்திறந்து சொல்லக் கடமையில்லை. குற்றம் மறைவாயிருந்து, வாங்குபவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ வருவதாயிருந்தால், சொல்லியே தீரவேண்டும் என்பது அவர் முடிவு. நம் ஊரில் கெட்டியான ஆயிலை ஊற்றி, நீலப்புகையை இரண்டு நாள் மறைத்து வண்டி விற்கிறார்கள். வாங்குகிறவன் யார்? வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கக் கடன் வாங்கி வருகிறவன். எஞ்சினை இறக்கி ரிங் மாற்றும் செலவு அவன் வீட்டு அடுப்பை அணைத்துவிடும்.

ஆகவே நான் கண்ட முடிவு இது. பழைய வண்டியை வைத்திருப்பவனுக்கு அதை உண்மையாகவே பழுதுபார்க்கும் கடமையும் கூடவே வருகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் சொந்தம் என்று சொல்ல வேண்டும். பழுதுபார்க்க இயலுமானால் பார்க்க வேண்டும். இயலாத வரையில் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். என்ன செய்தும் புகை அடங்காத காலம் வந்தால், உள்ளதைச் சொல்லி உடைப்புக்குக் கொடுத்துவிட வேண்டும். வேறொருவன் தலையில் கட்டக்கூடாது.

மறுநாள் மெக்கானிக்கிடம் போய், "மேஸ்திரி, நாலு இன்ஜெக்டரையும் கழற்றுங்கள்" என்றேன். "சர்டிபிகேட்டுத்தான் இருக்கிறதே சாமி?" என்றார். "அது வேறொரு வண்டிக்கு வாங்கியது" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்து, பிறகு ஸ்பானரை எடுத்தார். பணத்தை நான் ஆறு தவணையில் என் சொந்தக் கையிலிருந்து கொடுத்து வருகிறேன். பங்குக் கணக்கில் அது வராது. வேலை முடிந்தபின், ஸ்குரூவில் கைவைக்காமல், வண்டியைத் திரும்பவும் சோதனைக்குக் கொண்டுபோனேன். அவசியமில்லை என்றார்கள், எனக்கு அவசியமாயிருந்தது. இம்முறை தேறிற்று.

அன்பர்களே, வண்டி இல்லாதவர்களும் ஒருகணம் யோசித்துப் பாருங்கள். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் சுத்தமாயிருக்கும் பள்ளிக்கூடம், விருந்தாளி இருக்கும்போது மட்டும் மனைவியிடம் மென்மையாய்ப் பேசும் கணவன், கணக்குப் பார்க்கும் வாரத்தில் மட்டும் நேராகும் பேரேடு — இவையெல்லாம் ஸ்குரூ முடுக்கிய வண்டிகள்தான். சோதனை நாளில் நாம் எப்படி இருக்கிறோம் என்பது சான்றிதழில் இருக்கும். மற்ற நாட்களில் எப்படி இருக்கிறோம் என்பது நமக்குப் பின்னால் நடந்து வருகிறவர்களுக்குத் தெரியும்.

பாலத்து மேட்டில் அந்தத் தாயை மறுபடியும் கண்டேன். வண்டி கடந்து போயிற்று. அவள் முந்தானையைத் தூக்கவில்லை. தூக்க வேண்டிய காரணமும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்கவேண்டியது மாத்திரம் இன்னும் பாக்கியிருக்கிறது. அதை இங்கே கேட்டுக்கொள்கிறேன்.