கால் அசைகிறதா?

முதுகெலும்பில் அடிபட்டுக் கிடக்கும் ஒருவரைப் பார்க்கப் போகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம்: "கால் அசையுதோ?" எங்கள் கட்டடத்துப் பையன் ஒருவன் சாரத்திலிருந்து விழுந்தபோது நானும் அதைத்தான் கேட்டேன். "சலம் போகுதோ?" என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். ஆனால் அந்த வாரங்களில் அவனுடைய ஆயுளைத் தீர்மானித்துக்கொண்டிருந்தது இரண்டாவது கேள்விதான்.

ட்வெய்ட்டாவில் உயரமான அடுக்குமாடி ஒன்றில் நாங்கள் பன்னிரண்டு வருடமாக இருக்கிறோம். இரண்டு மாடி கீழே அந்தக் குடும்பம். மகனுக்கு இருபத்துமூன்று வயது, ஒஸ்லோவிலேயே பிறந்தவன். விழுந்ததில் நெஞ்சளவில் முள்ளந்தண்டு வடம் நசுங்கியது. சத்திரசிகிச்சை முடிந்து சில வாரங்களில் அவனை நெசொட்டனில் உள்ள சுன்னாஸ் மறுவாழ்வு வைத்தியசாலைக்கு மாற்றினார்கள். சனிக்கிழமைகளில் அவனுடைய தாயையும் கூட்டிக்கொண்டு நான் போவேன். இரண்டாம் இலக்கச் சுரங்க ரயிலில் நகருக்கு, ஆக்கர் பிறிக்கேயில் படகு, மறுகரையில் பஸ். அக்கா வழிநெடுகப் பேசமாட்டார். மடியில் சோற்றுப்பெட்டி இருக்கும்.

அவனுடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயரைப் போடவேண்டாம் என்றான்.

சலப்பை ஒரு தசைப்பை. நிரம்பும்போது அது இளகிக் கொடுக்கவேண்டும். வெளியேற்றும்போது சுருங்கவேண்டும், அதே கணத்தில் வாயைக் காக்கும் தசை திறக்கவேண்டும். இந்த ஒழுங்கை மூளை நடத்துகிறது. கட்டளை போகும் பாதை முள்ளந்தண்டு வடம். வடம் அடிபட்டதும் முதல் சில வாரங்களுக்குச் சலப்பை செயலற்றுக் கிடக்கும். தானாகச் சுருங்காது. கவனிக்காமல் விட்டால் அளவுக்கு மீறி விரிந்து தசை கெடும். அந்த அதிர்ச்சி தணிந்த பிறகு வருவதுதான் பெரிய ஆபத்து. மூளையின் சொல் எட்டாத கீழ் நரம்புகள் தாமாக ஒரு புதிய பழக்கத்துக்கு வருகின்றன: பை சுருங்கும் அதே நேரத்தில் வாயும் இறுகுகிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. சிறுநீர் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்குத் திரும்பலாம். வலி தெரியாமலே போகலாம், வலியின் செய்தி போகும் பாதைதானே அடிபட்டது. சிறுநீரகம் சத்தமில்லாமல் வருடக்கணக்கில் பழுதாகும்.

இதை மனிதர்கள் மிக முன்பே கவனித்திருக்கிறார்கள். எகிப்தின் எட்வின் சிமித் பப்பிரசு சுவடியில், கழுத்தெலும்பு விலகியவன் தன்னை அறியாமல் சிறுநீர் கசிவது ஓர் அறிகுறியாக எழுதப்பட்டிருக்கிறது. அவனுக்கு வைத்தியம் செய்யவேண்டியதில்லை என்பது அந்த வைத்தியரின் முடிவு. முதலாம் உலகப் போர் வரைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை. முள்ளந்தண்டு அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் இறந்தார்கள், கால் போனதால் அல்ல, சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப் புண்ணாலும். 1944 பெப்ரவரியில் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில்லில் லுட்விக் குட்மன் தொடங்கிய பிரிவுதான் அந்த முடிவை மாற்றியது. பின்னாளில் பராலிம்பிக் ஆக வளர்ந்த போட்டிகளுக்காக உலகம் அவரை நினைக்கிறது. ஆனால் அம்பெய்யவும் பந்தெறியவும் அந்த மனிதர்கள் உயிரோடு இருந்ததற்குக் காரணம், முதல் நாளிலிருந்தே அவர்களுடைய சலப்பையையும் தோலையும் பார்த்துக்கொண்ட சலிப்பில்லாத வேலை. பிறகு 1972இல் அமெரிக்காவில் ஜாக் லபிடஸ் என்ற சிறுநீரக வைத்தியர் இன்னும் எளிமையான ஒன்றைச் சொன்னார். கிருமி நீக்கிய கருவிகள் வேண்டும் என்றில்லை. கையைக் கழுவி, சுத்தமான குழாயை நோயாளியே நாளுக்குச் சில தடவை செலுத்தி வெளியேற்றினால் போதும். அளவுக்கு மீறி நிரம்பவிடாமல் இருப்பதுதான் முக்கியம் என்றார்.

அதைத்தான் இந்தப் பையனுக்கும் கற்றுக்கொடுக்க வந்தார்கள். நான்கு தொடக்கம் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் அரை லீற்றருக்குள். அவன் மறுத்துவிட்டான்.

"மாமா, நான் நடக்கப் போறன். பிறகு உது எனக்கு என்னத்துக்கு? முதல் காலைப் பாக்கச் சொல்லுங்கோ."

அக்கா அதற்கு மேலே போனார். "தம்பி, நீங்கள் படிச்சனீங்கள். இவை என்ர பிள்ளையை ஏலாதவன் எண்டு முடிவுகட்டிப்போட்டினம். குழாய் வைக்கப் பழக்கிறது அதுக்குத்தானே? நீங்கள் சொல்லி நிப்பாட்டுங்கோ."

எனக்கு அன்று புரிந்தது இதுதான். அந்தத் தாய்க்கும் மகனுக்கும் குழாய் ஒரு மருத்துவக் கருவி அல்ல, ஒரு தீர்ப்பு. அதைக் கையில் வாங்குவது நம்பிக்கையைக் கைவிட்டதற்கு வைக்கும் கையெழுத்து. வைத்தியர்களின் கணக்கு வேறு. நோயாளி ஏற்றுக்கொள்ளும் வரைக்கும் காத்திருக்கலாம், ஆனால் சலப்பை காத்திருக்காது. மனம் தேறுவதற்கு ஒரு வருடம் ஆகும். சேதம் அதற்கு முன்பே தொடங்கிவிடும். அப்படியென்றால் தன் நாளைய உடலை இன்னும் கற்பனை செய்யவே முடியாத ஒருவனிடம், அந்த நாளைய உடலுக்காக யார் பேசுவது? எந்த உரிமையில்?

இந்தக் கேள்வியை ஆராய்ச்சி இன்னும் கூர்மையாக்குகிறது. ஜெர்மனியில் கார்ல்-டீட்ரிக் சீவெர்ற்றும் அவருடைய குழுவும் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்று இருக்கிறது. வடம் முழுமையாக அடிபட்ட 10 பேருக்கு, சலப்பை செயலற்றுக் கிடந்த அந்த ஆரம்ப காலத்திலேயே, இடுப்பெலும்பின் பின்பக்க நரம்புகளில் சிறு மின்தூண்டிகளைப் பொருத்தினார்கள். கெட்ட பழக்கம் வந்த பிறகு திருத்துவதை விட, வரமுன் தடுக்கலாமா என்பது யோசனை. இரண்டு வருடங்களுக்கு மேல் பார்த்ததில் அவர்களுக்குச் சலப்பை அடங்கியிருந்தது, கசிவு தடுக்கப்பட்டிருந்தது, தொற்றும் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டவர்கள் 6 பேர். அவர்கள் தூண்டி வேண்டாம் என்று சொன்னவர்கள். ஆய்வு சிறியது, குலுக்கல் முறையில் பிரித்ததும் அல்ல. அதற்குப் பிறகு சுவிற்சர்லாந்தில், அடிபட்ட முதல் 40 நாட்களுக்குள், கணுக்கால் நரம்பைத் தோலின் மேலிருந்தே தூண்டிப் பார்க்கும் பெரிய சோதனை ஒன்று திட்டமிடப்பட்டது.

அந்த ஆறு பேரைப் பற்றி நான் அடிக்கடி யோசிக்கிறேன். நேற்று வரை ஓடித்திரிந்தவனிடம் இன்று போய், "உன் முதுகில் இன்னொரு கருவி வைக்கலாமா, பலன் உறுதியில்லை" என்று கேட்டால், வேண்டாம் என்பதுதான் இயல்பான பதில். சம்மதம் என்பது விளங்கிக்கொண்டு சொல்வது என்கிறோம். ஆனால் இங்கே விளங்குவதற்குத் தேவையான அனுபவம் சம்மதத்துக்குப் பிறகுதான் வருகிறது. முள்ளந்தண்டு அடிபட்ட 681 பேரிடம் எது திரும்பி வந்தால் வாழ்க்கை சிறக்கும் என்று கிம் அண்டர்சன் என்ற ஆய்வாளர் கேட்டு 2004இல் வெளியிட்டார். நடப்பது எந்தப் பிரிவினருக்கும் முதலிடத்தில் இல்லை. சலப்பையும் குடலும் இரு பிரிவினருக்கும் முக்கியமாக இருந்தன. வாழ்ந்து பார்த்தவர்களின் பதில் அது. விழுந்து ஐந்தாவது வாரத்தில் இருப்பவனின் பதில் அதுவாக இருக்க முடியாது.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லவேண்டும். எனக்கு ஓர் அண்ணன் இருந்தார், பெரியம்மாவின் மகன். 2009 மார்ச்சில் புதுமாத்தளனில் செல்துண்டு முதுகில் பாய்ந்தது. செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்கு வந்தார், பிறகு முகாம், பிறகு ஓர் உறவினர் வீடு. அப்போது நான் முதுகலை முடித்து ஒஸ்லோவில் முதல் வேலையில் இருந்தேன். தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் கேட்டேன்: "அண்ணை, கால் அசையுதோ?" அவருக்கு வைத்த குழாய் மாதக்கணக்கில் மாற்றப்படாமல் இருந்தது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. 2014இல் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்.

சுன்னாஸில் ஒரு சனிக்கிழமை, அக்கா கோப்பி வாங்கப் போன நேரம், இதைப் பையனுக்குச் சொன்னேன். சலப்பையைக் கவனிக்காமல் விட்டதால் ஐந்து வருடத்தில் போய்விட்டார் என்றேன். பயம் வேலை செய்யும் என்று நினைத்தேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்த வாரம் நாங்கள் போனபோது அவனருகில் நடுவயது நோர்வேக்காரர் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தார். இருபது வருடமாக அதே காயத்தோடு வாழ்பவர், புதியவர்களோடு பேச வருவாராம். அவர் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. தன் முதுகுப்பையைத் திறந்து உள்ளே இருந்ததைக் காட்டினார்: தண்ணீர்ப் போத்தல், கையுறை, ஒரு கட்டுக் குழாய், சொக்லேற். இதோடுதான் குளிர்காலத்தில் இருந்தபடியே பனிச்சறுக்குக்குப் போவேன் என்றார். போகும்போது, "நீ எழுந்து நடக்கிற நாள் வந்தால், அந்த நாளுக்கும் சிறுநீரகம் வேண்டும்" என்றார். நான் அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் சோற்றுப்பெட்டியைத் திறந்து அந்த மனிதருக்கு ஒரு வடை கொடுத்தார்.

திங்கட்கிழமை அவன் பழகத் தொடங்கினான். என் கதையால் அல்ல.

பிறகொரு நாள் அவனே கேட்டான். "மாமா, உங்கட அண்ணைக்கு ஆரும் இதைச் சொல்லிக் குடுத்தவையோ?"

"இல்லை."

"அப்ப ஏன் அவர்தான் கவனிக்காமல் விட்டமாதிரிச் சொன்னனீங்கள்?"

என்னிடம் பதில் இல்லை. அண்ணனுக்கு மறுக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. லபிடஸ் சொன்னது 1972இல். அதற்கு வேண்டியது ஒரு குழாய், சுத்தமான தண்ணீர், சொல்லிக்கொடுக்க ஓர் ஆள். 37 வருடம் கழித்து அந்த மூன்றும் அவருக்கு ஒன்றாகக் கிடைக்கவில்லை. ஒரு போரின் குற்றத்தை நான் ஒரு நோயாளியின் கவனக்குறைவாக மாற்றி, இன்னொரு நோயாளியைப் பணியவைக்கப் பயன்படுத்தினேன். நல்ல நோக்கம்தான். ஆனாலும் இறந்தவருக்கு அநீதி, உயிரோடிருப்பவனுக்கு அரைப்பொய்.

என் தொழிலில் இதற்கு ஒரு உதாரணம் உண்டு. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது கணினிகள் நின்றுபோகவில்லை. அதற்கு முன் பல வருடம் நிரல்களைத் திருத்தியவர்களை யாரும் பாராட்டவில்லை. "ஒன்றும் நடக்கவில்லையே, பொய்ப் பயம் காட்டினார்கள்" என்றார்கள். முன்கூட்டிய சிகிச்சையும் அப்படித்தான். அதன் வெற்றி என்பது ஒன்றும் நடக்காமல் இருப்பது. நடக்காத ஒன்றைக் காட்டி ஒருவரை இணங்கவைப்பது கடினம், ஆகவே பயத்தைக் கையில் எடுக்கிறோம். நானும் எடுத்தேன்.

நாளைய உடலுக்காகப் பேசும் உரிமை வைத்தியருக்கும் இல்லை, தாய்க்கும் இல்லை, எனக்கும் இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். அந்த உடலில் ஏற்கெனவே வாழ்பவருக்கு மட்டும் கொஞ்சம் இருக்கிறது. மற்றவர்களுடைய கடமை அவரைக் காலத்தோடு கட்டிலருகில் கொண்டுவந்து இருத்துவது. இதற்குப் பணக்கார நாடு வேண்டும் என்றில்லை. மாங்குளத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் 'உயிரிழை' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஒருவர் அந்த ஆளாக இருக்க அவர்களால் முடியும்.

பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். கால் அசையவில்லை. நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அவனுடைய தொலைபேசி அடிக்கும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அடித்தால் அக்கா சத்தமாகவே சொல்கிறார்: "தம்பி, நேரமாச்சு, சலம் எடுத்திட்டு வா. சோறு ஆறாது."