பொதுநன்மை என்பது யாருடைய நன்மை?

பொதுநன்மைக்காகத் தனிமனிதன் தன் உடைமையை விட்டுக்கொடுத்தல் அறமே என்று நாம் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். ஆயின், அந்தப் ‘பொது’வுக்குள் விட்டுக்கொடுப்பவனும் அடங்குவானா? மும்பைக்கு அண்மையில் எழுந்த நவி மும்பையின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

மும்பை ஒடுங்கிய நிலப்பரப்பில் வளர்ந்த நகரம். தொழிலும் வாணிபமும் அதன் தென்முனையிற் குவிய, உழைக்கும் மக்கள் ஒற்றை அறைகளிலும் சேரிகளிலும் நெருக்குண்டனர். இந்நெருக்கடியைத் தீர்க்கக் கடற்கழிக்குக் கிழக்கே புதுநகர் அமைக்கலாமென 1965 இல் சார்ள்ஸ் கொறெயா, பிரவீணா மேத்தா, சிரீஷ் பட்டேல் ஆகிய மூவர் முன்மொழிந்தனர். 1970 இல் மகாராஷ்டிர அரசு சிட்கோ என்னும் கூட்டுத்தாபனத்தை நிறுவி, 95 கிராமங்கள் அடங்கிய ஏறத்தாழ 344 சதுர கிலோமீற்றர் பரப்பைப் புதுநகருக்கென வரையறுத்தது.

காணியை அரசு கையேற்றுத் திருத்தி விற்கும். அவ்வருவாயால் வீதியும் குடிநீரும் வடிகாலும் அமையும். விலையேற்றத்தின் பயன் காணித் தரகர் கைக்குச் செல்லாது. இக்கொள்கை முற்போக்கானதே, அதை நாம் மறுக்கவில்லை.

எனினும், அங்கே முன்னரே மக்கள் வாழ்ந்தனர். நெல் விளைவித்த ஆக்ரி உழவர், கழியை நம்பிய கோளி மீனவர், உப்பளத் தொழிலாளர் என்போர் அவர்கள். அந்நியர் ஆட்சி இயற்றிய 1894 ஆம் ஆண்டுக் காணி சுவீகரிப்புச் சட்டம், அறிவித்தல் நாளின் விலையையே நட்டஈட்டுக்கு அளவாகக் கொண்டது. வயலுக்குரிய விலை உழவனுக்கு. நகர்மனைக்குரிய விலை கூட்டுத்தாபனத்துக்கு. டி. பி. பாட்டீல் தலைமையில் உழவர் கிளர்ந்தெழுந்தனர். 1984 சனவரியில் உரண் பகுதியில் பொலிசார் சுட்டதில் ஐவர் மாண்டனர். அதன் பின்னரே, எடுத்த காணியில் 12.5 சதவீத அளவைத் திருத்திய மனையாகத் திருப்பித்தரும் ஏற்பாடு உருவாயிற்று.

விலையேற்றத்தை உண்டாக்கியது பொதுப்பணமன்றோ, உழவன் அதற்கு எவ்வாறு உரிமை கோரலாம் எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. ஆனால் தரகனுக்குக் காணி விற்பனைப் பண்டம். உழவனுக்கோ அது உழைப்பின் கருவி. அதை இழந்தவன் தொழிலையும், அத்தொழில் தந்த அறிவையும், அயலாரோடு கொண்ட உறவையும் ஒருங்கே இழக்கின்றான். விலை மட்டும் இவ்விழப்பை ஈடுசெய்யாது.

12.5 சதவீதமும் இதற்கு முழு விடையன்று. பறிபோன காணியின் பரப்பே அதன் அளவுகோல். பிறர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவளின் உழைப்பையும், கழியில் வலைவீசியவனின் வாழ்வையும் ஏக்கர்க் கணக்கால் அளக்க முடியுமா? உடைமையை அளக்கும் கோல் உழைப்பை அளப்பதில்லை.

ஆதலால், நகரமைப்பை எதிர்ப்பது நம் நோக்கமன்று. நெருக்குண்ட தொழிலாளிக்கு வீடு வேண்டும். அதற்கு நிலமும் வேண்டும். ஆனால் நிலம் தருவோரும் உழைப்போரும் திட்டம் தீட்டப்படும்போதே அதன் பங்காளராக அமர்தல் வேண்டும். ஐந்து உயிர் போனபின் அன்று. அவர்களைப் புறத்தே நிறுத்திவிட்டுப் பேசப்படும் பொதுநன்மை, பெயரளவிலேயே பொதுவானது. இதனையும் சேர்த்தே நாம் மாணவர்க்குக் கற்பித்தல் வேண்டும்.