பிழையும் குற்றமும்

போரில் தோற்றவர் அனைவரும் பழிக்குரியவர்தாமா? 1767 செப்டம்பரில் திருவண்ணாமலையருகே, கர்னல் ஸ்மித்தின் கும்பினிப் படை சதுப்பு நிலத்தை விலக்கிக் குன்றைச் சுற்றிச் சென்றது. அது பின்வாங்குவதாக எண்ணி முன்னேறிய ஹைதர் அலியும் நிஜாமும் தோல்வியுற்றனர். 1916 ஜூலை 1இல் பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியிலோ, ஏழு நாள் பீரங்கி வீச்சு ஜெர்மானியரின் முள்வேலிகளை அறுத்துவிட்டதெனப் பிரிட்டிஷ் தளபதியர் நம்பினர். பல இடங்களில் வேலி அறுபடவில்லையென வேவு சென்று வந்தோர் கூறியும் பயனில்லை. அன்றொரு நாளில் அவர்தம் வீரர் 19,000 பேருக்கு மேல் மாண்டனர்.

ஹைதர் பிழைபடக் கண்டார். சோம் தளபதியரோ சொல்லப்பட்டதைச் செவியேற்கவில்லை. முன்னது பிழை, பின்னது குற்றம் என்போம் நாம். படைவீரனின் உயிர் தளபதியின் கையில் ஓர் அமானிதமன்றோ! அகழ்ப்போருக்கு முன் ஸல்மான் பார்ஸி (ரலி) கூறிய யோசனையை நபிகள் நாயகம் (ஸல்) ஏற்றார்கள். மஷூரா வெறும் சடங்கன்று. விரும்பாத செய்திக்கும் செவிகொடுப்பதே அதன் உயிர்.