அகக்கண்ணும் அவை அச்சமும்

கண் திறந்திருக்கும்போது காண்பது புறக்காட்சி. கண்ணை மூடிய பின்னும் காண்பது அகக்காட்சி. புறக்காட்சி கண்ணெதிரே உள்ள பொருளோடு முடிந்துவிடும். அகக்காட்சியோ அப்பொருள் மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் மனிதனை ஆட்டிப்படைக்கும். அவனை உயர்த்துவதும் அதுவே, ஒடுக்குவதும் அதுவே. ஒடுக்குகின்ற அகக்காட்சியை மாற்றியமைக்க மனிதனால் இயலுமா? இயலுமாயின், அது உண்மையை நாடும் முயற்சியா, அன்றித் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் செயலா? ஆலயத்தில் கண்மூடி நின்று இறைவன் திருவுருவை அகத்தில் காண முயலும் அடியார்கள் சிந்திக்க வேண்டிய வினா இதுவாகும்.

அவைக்கு அஞ்சும் உள்ளம்

ஆலயத்தில் பூசை நிறைவுறும் வேளை. பஞ்சபுராணம் ஓதுவதற்கு ஒருவரை அழைக்கிறார்கள். தேவாரமும் திருவாசகமும் பிழையறப் பாடமாக்கிய இளைஞன் ஒருவன் தூணோடு ஒதுங்கி நிற்கிறான். வீட்டில் தனித்திருக்கும்போது கணீரென்று ஒலிக்கும் அவனது குரல் இங்கே தொண்டைக்குள் அடைபட்டுப் போகிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. எவரேனும் தன் பெயரைச் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி மெல்ல வெளிவீதிக்குச் சென்றுவிடுகிறான். அவனைப் போன்றவர்கள் எல்லா ஊர்களிலும் உள்ளனர். கல்யாண வீட்டுப் பந்தியில் பிறர் பார்க்க உண்பதற்குக் கூசுபவர், நேர்முகப் பரீட்சைக்குப் போகாமலே நல்ல தொழிலை இழந்தவர், விடை தெரிந்தும் வகுப்பில் கையுயர்த்தாத பிள்ளை என அவர்கள் பலவகையினர்.

சிறிதளவு கூச்சம் எவர்க்கும் இயல்பானது. தீயதைச் செய்ய நாணுவது பெரும் பண்புமாகும். திருவள்ளுவர் நாணுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவையஞ்சாமைக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். பழிக்கு நாணுவது வேறு, பார்வைக்கு அஞ்சுவது வேறு என்பது இதனால் விளங்கும். பிறர் தன்னை இழிவாக எண்ணுவர் என்ற அச்சம் முற்றிக் கல்வி, தொழில், உறவு ஆகியவற்றைத் தடுக்கும் நிலையை உளமருத்துவர்கள் சமூகப் பதகளிப்பு என்பர். பெரும்பாலும் இளம்பருவத்திலேயே தொடங்கும் இந்நோயைச் சோம்பல் என்றும் தலைக்கனம் என்றும் சுற்றத்தார் தவறாகக் கொள்வதுண்டு.

உள்ளே ஓடும் படம்

அவைக்கு அஞ்சுபவர் உண்மையில் எதைக் கண்டு அஞ்சுகிறார்? இவ்வினாவுக்குத் தெளிவான விடை தந்தவர்கள் பிரித்தானிய உளவியலாளர்களான டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் ஆகிய இருவர். 1995ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட விளக்கத்தின்படி, அவை முன் நிற்கும்போது அஞ்சுபவரின் கவனம் எதிரே இருப்போரை விட்டுத் தன்னை நோக்கித் திரும்பிவிடுகிறது. பிறர் கண்ணுக்குத் தான் எப்படித் தோன்றுவார் என்று ஒரு படத்தை அவரே மனத்தில் வரைந்துகொள்கிறார். முகம் செக்கச் சிவந்து, உடல் நடுங்கி, பேதைபோல விழிக்கும் ஓர் உருவம் அதில் தெரிகிறது. அந்தப் படத்தையே சான்றாகக் கொண்டு, எல்லோரும் தன்னை அவ்வாறே காண்கிறார்கள் என்று முடிவு செய்துவிடுகிறார். எதிரே இருப்பவர் அன்போடு பார்த்தாலும் அது அவர் கண்ணிற் படுவதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழி. இங்கே பேயாகத் தெரிவது அவருடைய உருவமேயாகும்.

இப்படம் எங்கிருந்து வந்தது? ஆன் ஹக்மான் என்னும் உளவியலாளரும் அவரது குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இத்தகையோர் மனத்தில் ஒரே வகையான படங்கள் மீண்டும் மீண்டும் தோன்றுவதையும், அவை பெரும்பாலும் நோய் தொடங்கிய காலத்தில் நிகழ்ந்த அவமானங்களோடு தொடர்புற்றிருப்பதையும் கண்டனர். வகுப்பறையில் எழுந்த ஒரு சிரிப்பு, பலர் முன்னிலையில் விழுந்த ஓர் ஏச்சு ஆகியன அன்றோடு முடிந்தாலும், அவை வரைந்த படம் முடிவதில்லை. முப்பது வயதினர் ஒருவர் அவையில் நிற்கும்போது, பத்து வயதில் சிரிப்புக்குள்ளான சிறுவனே அவர் அகக்கண்ணில் நிற்கிறான்.

இப்படம் வெறும் நிழலன்று, நடத்தையையும் மாற்றவல்லது. கொலெற் ஹேர்ஷ் என்பவரும் உடனாய்வாளர்களும் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இந்நோயுள்ளோரை இருமுறை உரையாடச் செய்தனர். ஒருமுறை தம்மைப் பற்றிய அச்சமூட்டும் படத்தையும், மறுமுறை அத்துணை தீமையில்லாத படத்தையும் மனத்தில் நிறுத்துமாறு கூறினர். அச்சமூட்டும் படத்தோடு பேசியபோது பதகளிப்பு மிகுந்தது. பார்த்து மதிப்பிட்டவருக்கும் அவர்கள் பேசிய விதம் குறைவாகவே தோன்றியது. ஆள் ஒருவரே, படம் மாறியதும் பேச்சும் மாறியது.

படத்தை மாற்றும் வழிகள்

மனக்காட்சியை மருந்தாக்கும் முயற்சி புதியதன்று. தென்னாபிரிக்காவில் பிறந்த உளமருத்துவர் ஜோசப் வோல்பே 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஒரு படிமுறையை விளக்கினார். முதலில் உடலைத் தளர்த்தி அமைதியடையப் பழக வேண்டும். பின்னர் சிறிய அச்சந் தரும் காட்சியை மனத்தில் காண வேண்டும். அது பழகியதும் அடுத்த படியிலுள்ள காட்சியைக் காண வேண்டும். இவ்வாறு படிப்படியாக ஏறி, மிக அஞ்சும் காட்சியையும் அமைதியோடு காணும் நிலையை அடைவதே அம்முறையாகும்.

பின்வந்தோர் பழைய நினைவையே நேர்கொள்ளும் முறையை வகுத்தனர். அவமானம் நிகழ்ந்த அந்நாளை அப்போதைய வயதினராகவே முதலில் நினைவுகூர்தல் ஒரு படி. வளர்ந்துவிட்ட இன்றைய மனிதராக அக்காட்சிக்குள் நுழைந்து, கூசி நிற்கும் அந்தப் பிள்ளையைக் கண்டு, ஏளனம் செய்பவர்களைத் தடுத்தல் அடுத்த படி. மீண்டும் அந்தப் பிள்ளையாகவே இருந்து, அவ்வாதரவையும் ஆறுதலையும் பெறுதல் மூன்றாவது படி. நிகழ்ந்தது மாறாது, அதன் பொருள் மாறும். உளவளத்துணையில் பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு செய்ய வேண்டிய முறை இது. போரின் கொடுமைகளை நேரிற் கண்டவர்கள் தனியே அமர்ந்து பழைய நினைவுகளைக் கிளறுவது நன்றன்று.

இது பொய்யாகுமா?

இங்கே ஓர் ஐயம் எழலாம். மனத்தில் நல்ல படத்தை வலிந்து நிறுத்துவது தன்னையே ஏமாற்றுவது ஆகாதா? இதற்கு விடை கூறுமுன், முன்னிருந்த படம் உண்மையா என்று கேட்க வேண்டும். கிளார்க் வகுத்த சிகிச்சையில் இதற்கொரு சோதனை உண்டு. அஞ்சுபவர் பேசுவதை வீடியோவிற் பதிவு செய்வர். பார்ப்பதற்கு முன், தான் எவ்வாறு தோன்றுவார் என்று அவரையே விவரிக்கச் சொல்வர். பின்னர் அயலார் ஒருவரைப் பார்ப்பதுபோல அப்பதிவைப் பார்க்கச் செய்வர். மனத்தில் கண்ட நடுக்கமும் சிவப்பும் அங்கே பெரும்பாலும் அவ்வளவாகக் காணப்படுவதில்லை. பொய்யாக இருந்தது பழைய படமே என்பது அவர் கண்முன்னே வெளிப்படும்.

சைவ சித்தாந்தம் உயிரைச் சார்ந்ததன் வண்ணமாதல் இயல்புடையது என்று கூறும். செம்மலரின் அருகே வைத்த பளிங்கு சிவப்பாகத் தோன்றும், அந்நிறம் பளிங்கினுடையதன்று. ஏளனத்தைச் சார்ந்து வளர்ந்த உள்ளம் ஏளனத்தின் நிறத்தைத் தன் நிறமென மயங்குகிறது. அம்மயக்கத்தை நீக்குவது பொய் புனைதலாகாது. ஆயினும் ஓர் எல்லை உண்டு. வீட்டிலிருந்தே தன்னை மாபெரும் பேச்சாளராகக் கற்பனை செய்து மகிழ்ந்து, அவைப்பக்கமே செல்லாதிருப்பின் அது வெறும் பகற்கனவு. அகத்தில் திருத்திய படத்தைப் புறத்தில் நடந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

பூசலார் காட்டும் வழி

அகக்காட்சி என்றதும் அடியார் உள்ளத்தில் எழுபவர் திருநின்றவூர்ப் பூசலார் நாயனார். பொருளின்றி வருந்திய அவர், கல்லும் மரமும் தச்சரும் மனத்திலேயே தேடி, நல்ல நாளில் அடிநிலை இட்டு, விமானமும் மதிலும் கிணறும் குளமும் ஒன்றன்பின் ஒன்றாக அமைத்தார். காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ மன்னன் அந்த ஆலயத்தைக் காண நேரில் வந்த வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பாடியுள்ளார். அவரது பத்தியை மருத்துவ முறையோடு ஒப்பிடுவது பொருந்தாது. ஆனால் அவர் வரலாறு ஓர் உண்மையைக் காட்டுகிறது. அவர் அகத்தில் கண்டது தம்மையன்று, தம் இறைவனையே. அவைக்கு அஞ்சுபவரின் துன்பமோ தன்னையே ஓயாது பார்த்துக்கொண்டிருப்பதில் உள்ளது. கவனத்தைத் தன்னிலிருந்து வெளியே திருப்பப் பழக்குவது கிளார்க்கின் சிகிச்சையிலும் முக்கிய அங்கமாகும்.

பஞ்சபுராணம் ஓதுபவர் மூலத்தானத்தை நோக்கி நிற்கிறார். அப்பாடல் சபையோரின் மதிப்பெண்ணுக்காகப் பாடப்படுவதன்று. கேட்பவன் இறைவன் என்ற நினைவு நிலைபெறும் அளவுக்குப் பாடுபவர் தம்மை மறப்பார். தூணோடு ஒதுங்கிய அந்த இளைஞனும் முதலில் வீட்டுச் சுவாமி அறையிலும், பின்பு ஆளில்லா வேளையில் ஆலயத்திலும், பின்பு நண்பர் இருவரோடும் பாடிப் பழகலாம். வழிபாடு அவனுக்குத் துணையாகும். அச்சம் கடுமையாயின் வைத்தியரையோ உளவளத்துணையாளரையோ நாடுவதும் இறைவன் காட்டும் வழியே என அவன் வீட்டார் உணர வேண்டும்.

ஊராரின் கடமை

இறுதியாக ஒன்று கூறாமற் போனால் பழி முழுவதும் அஞ்சுபவர் மேலேயே விழும். அவர் மனத்திலுள்ள படத்தை வரைந்த கைகள் பல. “வாய் இல்லையோ?” என்று விருந்தினர் முன் கேட்கும் உறவினர், பாட்டில் ஒரு சொல் தவறியதும் சிரிக்கும் சபையோர், பலரறியக் கண்டிக்கும் பெரியோர் ஆகிய எல்லோரும் ஒரு பிள்ளையின் அகச்சுவரில் கரி பூசுகிறார்கள். பூசியவர் மறுநாளே மறந்துவிடுவார். பூசப்பட்டவர் அதை ஆயுள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பார். பிழையைத் தனியே அழைத்துத் திருத்தி, முயற்சியைப் பலர் முன் பாராட்டுவது எவர்க்கும் எளிது. அடுத்த திருவிழாவில் ஒரு சிறு குரல் நடுங்கியபடி தேவாரத்தைத் தொடங்கும்போது, அருகில் நிற்கும் பெரியவர் ஒருவர் தாழ்ந்த குரலில் அதனோடு சேர்ந்து பாடினால், அந்தப் பிள்ளையின் அகக்கண்ணில் அன்று பதிவது அச்சமூட்டும் படமாக இராது.