முழு நெஞ்சத்து அன்பு

இறைவனை முழு நெஞ்சத்தோடும் அன்பு செய்தல் வேண்டும் என்பது கிறித்தவ சமயத்தின் தலையாய கட்டளை. எம்மனோர் அதனைக் குழந்தைப் பருவத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். மனப்பாடம் ஆகிவிட்ட காரணத்தாலேயே அதனைப் பற்றி எண்ணிப் பாராமலும் இருந்துவிடுகிறோம். இம்மலரைக் கையில் எடுக்கும் அன்பர்களுள் கிறித்தவர் சிலரே; சைவரும் வைணவரும் பிறரும் பலர். ஆயினும் யாம் ஈண்டு எழுப்பும் வினா அனைவர் இல்லத்திற்கும் உரியது. பிறந்த ஊரை விட்டு 1,500 கல்லுக்கும் அப்பால் வந்து பிழைக்கும் நம் குடும்பங்களில், மாத முதல் வாரத்தில் ஊதியத்தைப் பங்கிட உட்காரும்போதெல்லாம் அவ்வினா மெல்லத் தலைநீட்டும். முழு நெஞ்சையும் ஒருவர்க்கே கொடுத்துவிட்டால் மற்றவர்க்கு எஞ்சுவது யாது?

இக்கட்டளை இயேசு பெருமான் புதிதாக அருளியது அன்று. பழைய ஏற்பாட்டில், உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் உள்ளது. யூதர் இன்றும் காலையும் மாலையும் அதனை ஓதுகின்றனர். தோற்சுருளில் எழுதிக் கதவு நிலையில் பதித்து வைக்கின்றனர். எருசலேமில் மறைநூல் வல்லார் ஒருவர், கட்டளைகளுள் முதன்மையானது எது என்று வினவியபோது இயேசு இதனையே எடுத்துக்காட்டினார். அதனோடு நில்லாமல், அவர் கேளாமலேயே இரண்டாவதாக ஒன்றையும் சேர்த்தார். தன்னைப் போலவே பிறனையும் நேசிக்க வேண்டும் என்னும் லேவியராகமக் கட்டளையே அது. ஒன்று கேட்டவர்க்கு இரண்டு விடை கிடைத்தது. இந்த இரண்டாவது விடை ஏன் அங்கே ஒட்டிக்கொண்டு வந்தது என்பதை யாம் உணர்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

அன்பைக் கட்டளையிட இயலுமோ என்று கேட்பார் உளர். நியாயமான கேள்வியே. கி.மு. 672இல் அசீரியப் பேரரசன் எசரத்தோன், தன் மகன் அசூர்பனிபாலைத் தம்மைப் போலவே நேசிக்க வேண்டும் என்று சிற்றரசர்களிடம் ஆணை வாங்கினான். அவன் கேட்டது உள்ளத்து உருக்கத்தை அன்று, பிறழாத பற்றுறுதியை. உபாகமத்தில் வரும் அன்பு என்னும் சொல்லும் அக்காலத்து உடன்படிக்கை வழக்கைத் தழுவியதே என்று அறிஞர் காட்டியுள்ளனர். வழிபாட்டில் கண்ணீர் பெருகவில்லையே என்று ஏங்கும் அடியார்க்கு இச்செய்தி ஆறுதல் தரும். எமக்கோ சற்று அச்சத்தையும் தருகிறது. உருக்கத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்ள வழி இல்லாமற் போகிறதன்றோ?

இனி 'முழு' என்னும் சொல்லுக்கு வருவோம். உபாகமம் கூறுவன நெஞ்சு, உயிர், வலிமை என மூன்று. மாற்கு இவற்றோடு அறிவையும் சேர்த்து நான்காக்குகிறார். எபிரேய மொழியில் நெஞ்சு என்பது உணர்வதற்கு மட்டுமன்றிச் சிந்திப்பதற்கும் இடமாகும். கிரேக்கத்தில் எழுதியபோது அதனைப் பிரித்துக் கூற நேர்ந்தது போலும். 'நெஞ்சறிய' என்று பேசிப் பழகிய தமிழர்க்கு இது வியப்பளிக்காது. எம்மை வியக்கச் செய்தது மூன்றாவது சொல்லே. வலிமை என்று நாம் பெயர்க்கும் எபிரேயச் சொல்லுக்கு 'மிகுதி' என்பது அடிப்பொருள். பழைய யூத ஆசிரியர் அதற்கு உடைமை, பணம் என்றே உரை கண்டனர். முழு நெஞ்சோடு என்று ஓதியவர்கள் அதே மூச்சில் முழுப் பணப்பையோடும் என்று பொருள் கொண்டார்கள். ஆன்மிகப் பேச்சில் பணத்தை இழுப்பது நயமன்று என்று நினைப்பவர்கள் அவர்கள் அல்லர்.

ஜான் பன்யனின் 'மோட்சப் பிரயாணம்' தமிழ்க் கிறித்தவ இல்லங்கள் பலவற்றில் விவிலியத்திற்கு அடுத்து வைக்கப்பட்டிருந்த நூல். அதன் முதற்பகுதி 1678இல் வெளிவந்தது. அதன் தொடக்கத்தில், அழியப்போகும் நகரை விட்டு ஒருவன் ஓடுகிறான். மனைவியும் மக்களும் பின்னால் நின்று கூவி அழைக்கின்றனர். அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். சிறு வயதில் இக்காட்சியைப் படித்தபோது அவனது உறுதியைக் கண்டு மெய்சிலிர்த்தோம். பிள்ளைகளைப் பெற்ற பிறகு படித்தபோது அம்மனிதன் மீது சினம் வந்தது.

ஆனால் அந்நூலை எழுதியவர் காதைப் பொத்திக்கொண்டவர் அல்லர். பன்யன் அனுமதியின்றிச் சமய உரை ஆற்றியமைக்காக 1660 முதல் 1672 வரை பெட்போர்டுச் சிறையில் கிடந்தார். இனி உரையாற்ற மாட்டேன் என்று ஒரு சொல் கொடுத்திருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். வீட்டில் இரண்டாம் மனைவியும், முதல் மனைவியின் மக்கள் நால்வரும் இருந்தனர். மூத்தவள் மேரி பிறவியிலேயே கண்பார்வை அற்றவள். அப்பெண்ணின் நினைவே சிறையில் தம்மை எல்லாவற்றினும் மேலாக வாட்டியது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அவர் அந்தச் சொல்லைக் கொடுக்கவில்லை. அதே வேளையில் சிறைக்குள் இருந்தபடியே கயிற்றிழைகளுக்கு உலோக முனை கட்டி விற்று அக்குடும்பத்திற்கு அனுப்பினார். 1684இல் நூலின் இரண்டாம் பகுதி வெளிவந்தது. அதில், முன்பு விட்டு ஓடப்பட்ட அதே மனைவியும் அவள் புதல்வர் நால்வரும் அதே பாதையில் நடக்கின்றனர்; மனைவி அதே நகரை அடைகிறாள். முதற்பகுதியை மட்டும் படித்துவிட்டுப் பன்யனைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது முறையன்று என்பது எம் கருத்து.

இந்நூலைத் தழுவியே திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த எச்.ஏ. கிருட்டிணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் பெருங்காப்பியத்தைப் பாடி 1894இல் வெளியிட்டார். 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறித் திளைத்து, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர் அவர். முழு நெஞ்சையும் புதிய இறைவனுக்குக் கொடுப்பதென்றால் பழைய நெஞ்சைக் கழுவி ஊற்றிவிட வேண்டும் என்று அவர் எண்ணவில்லை. ஆழ்வார்களிடம் கற்ற உருக்கத்தையும் கம்பனிடம் கற்ற நடையையும் கையோடு கொண்டுவந்தார். ஹென்றி ஆல்பிரடு என்னும் பெயரைப் பெற்ற பின்னரும் கிருட்டிணன் அப்பெயரில் நீங்காமல் நின்றான். முழுமை என்பது எதனையும் வெளியே விட்டுவிடாமல் வருவது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தமிழில் எமக்குத் தெரியவில்லை.

இப்படிச் சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்ததாகுமா? ஆகாது. தாய் தந்தையரையும் மனைவி மக்களையும் வெறுக்காதவன் தமக்குச் சீடனாக இயலாது என்று இயேசு கூறியதாக லூக்கா எழுதுகிறார். வெறுத்தல் என்பது அம்மொழி வழக்கில் குறைவாக நேசித்தலைக் குறிக்கும் என்று உரையாசிரியர் கூறுவர். மத்தேயுவும் தம்மைவிட மிகுதியாகப் பெற்றோரை நேசித்தல் என்றே எழுதுகிறார். உரை சரியே. எனினும் கடுமை முழுவதும் கரைந்துவிடவில்லை. பிள்ளையைக் கறி சமைத்த சிறுத்தொண்டர் வரலாற்றைக் கேட்கும் சைவத் தாய்மார்க்கும், ஈசாக்கைக் கட்டி விறகின்மேல் கிடத்திய ஆபிரகாமின் வரலாற்றைக் கேட்கும் எம் வீட்டுத் தாய்மார்க்கும் அடிவயிறு ஒரே விதமாகத்தான் கலங்குகிறது.

ஆயினும் அதே இயேசு, மாற்கு ஏழாம் அதிகாரத்தில், சமயப் பெரியோர் சிலரைக் கடிந்துகொள்கிறார். அவர்களிடையே கொர்பான் என்றொரு வழக்கம் இருந்தது. ஒருவன் தன் உடைமையைக் கொர்பான், அதாவது இறைவனுக்குரிய காணிக்கை, என்று நேர்ந்துவிட்டால், அதிலிருந்து பெற்றோர்க்கு எதுவும் செய்யக் கடமைப்பட்டவன் அல்லன். கேட்பதற்கு எவ்வளவு பக்தியாக இருக்கிறது! கடவுளுக்கு முதலிடம், பெற்றோர்க்குப் பின்னிடம் என்ற கணக்கும் ஒழுங்காகவே இருக்கிறது. இயேசுவோ இதனை இறைவனின் சொல்லையே அவமாக்கும் செயல் என்றார்.

இவ்விடத்தில் எம் குடும்பத்துச் செய்தி ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. இத்தனை ஆண்டு எழுதாமல் இருந்தோம்.

யாம் தில்லியில் எழுத்தராகப் பணியாற்றிய காலம். திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு பனங்காட்டுச் சிற்றூரில் எம் தாயார் தனித்திருந்தார். கைம்பெண். மாதந்தோறும் 60 ரூபாய் மணியார்டர் அனுப்பி வந்தோம். 1976ஆம் ஆண்டில் யாம் சார்ந்திருந்த தமிழ்ச் சபையார் சொந்தமாக ஓர் ஆலயம் எழுப்ப முனைந்தனர். மூன்றாண்டுக்கு மாதம் 25 ரூபாய் தருவதாக யாம் கையெழுத்திட்டோம். எவரும் வற்புறுத்தவில்லை, முழு மனத்தோடு கையெழுத்திட்டோம். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் குறைக்க இயலாதவை. குறைக்க இயன்றது மணியார்டர் ஒன்றே. 60 ரூபாய் 35 ஆயிற்று. படிவத்தின் அடியில் சேதிக்கென்று விட்டிருந்த சிறு இடத்தில், கோயில் வேலைக்காகக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று எழுதினோம். தாயாரிடமிருந்து வந்த மறு கடிதத்தில் அதைப் பற்றி மகிழ்ச்சியே இருந்தது.

இரண்டாண்டு கழித்து விடுமுறையில் ஊர் சென்றோம். தாயாரின் கண்ணாடியின் ஒரு பக்கக் கால் ஒடிந்து, நூல் சுற்றிக் காதில் மாட்டப்பட்டிருந்தது. ஒரு வில்லையில் குறுக்கே கீறல். விவிலியம் அலமாரியில் இருந்தது. எடுத்துப் படிக்க இயலாமல், மனப்பாடமாக இருந்த சங்கீதங்களை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பால் வாங்குவதை நிறுத்தியிருந்தார். கேட்டதற்கு, "கோயிலுக்குத்தானே குடுத்தே, ஐயா. அதுல எனக்கு என்ன குறை?" என்றார். அவர் உண்மையாகவே அப்படி நினைத்தார். அதுவே எம்மைச் சுட்டது.

பக்கத்து வீட்டில் எம் பெரியம்மா முறையான ஒருவர் இருந்தார். அவர் தாயாரைப் போல் மென்மையானவர் அல்லர். "நீ குடுத்தேன்னு சொல்லிக்கிடாதே. குடுத்தவ உங்கம்மா. பேருதான் ஒன் பேரு," என்றார்.

அத்துடன் எம் சீமைக் கிறித்தவப் பெண்டிரின் பழைய வழக்கம் ஒன்றையும் தாயார் விட்டிருக்கவில்லை. உலையில் இடும் அரிசியிலிருந்து ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி எடுத்து, தனியே ஒரு கலயத்தில் போட்டு வைப்பார்கள். நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். பிடியரிசிக் காணிக்கை என்பது அதன் பெயர். 35 ரூபாயில் வாங்கிய அரிசியிலிருந்தும் பிடி தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

தில்லி திரும்பும் வழியில், கிராண்ட் டிரங்க் வண்டியில், மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் படித்தோம். முழு நெஞ்சத்து அன்பைப் பற்றிய கட்டளை அங்கேதான் இருக்கிறது. அதே அதிகாரத்தின் முடிவில் இரண்டு சிறு காசுகளைக் காணிக்கைப் பெட்டியில் இட்ட கைம்பெண்ணின் செய்தி வருகிறது. இவ்விரண்டுக்கும் இடையில், நீண்ட வழிபாடு செய்துகொண்டே கைம்பெண்களின் வீடுகளை விழுங்குவோரைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. அதுவரை அம்மூன்றையும் தனித்தனியாகவே கேட்டிருந்தோம். பின்னாளில் வேறொன்றும் அறிந்தோம். முழு நெஞ்சு என்னும் இடத்தில் கிரேக்க மூலத்தில் வரும் 'ஹோலோஸ்' என்னும் சொல்லே, அக்கைம்பெண் தன் பிழைப்பு முழுவதையும் இட்டாள் என்னும் இடத்திலும் வருகிறது. நம் தமிழ்ப் பெயர்ப்பில் ஓரிடத்தில் 'முழு' என்றும் ஓரிடத்தில் 'எல்லாம்' என்றும் வருவதால் அவ்வொற்றுமை கண்ணில் படுவதில்லை. கட்டளையைக் கேட்டு நன்றாகச் சொன்னீர் என்று பாராட்டியவர் மறைநூல் வல்லார். அதனைச் செய்துவிட்டுப் போனவள் அவள். அவளை இயேசு புகழ்ந்தாரா, அவள் நிலை கண்டு நொந்தாரா என்று உரையாசிரியர்கள் வாதிடுகின்றனர். இரண்டையும் ஒருங்கே செய்தார் என்றே எமக்குப் படுகிறது.

ஆலயத்திற்கு வாக்களித்த தொகையை யாம் நிறுத்தவில்லை. கொடுத்த வாக்கு அது. மணியார்டரை மீண்டும் 60 ஆக்கினோம். சில மாதங்களில் 70. வாரம் இருமுறை மாலையில் ஒரு கடையில் கணக்கு எழுதி அதனை ஈட்ட வேண்டியிருந்தது. இதனால் எம் பிழை நேராகிவிட்டது என்று கூறவில்லை. கீறிய கண்ணாடியோடு கழிந்த இரண்டாண்டை எவரும் திருப்பித் தர இயலாது. ஆலயம் எழுந்தது. அதன் சுவரில் கொடையாளர் பெயர்களைப் பொறித்த கல் ஒன்று இருக்கிறது. அதில் எம் பெயரும் உண்டு. பிள்ளைகள் சிறுவராய் இருந்தபோது அதனைத் தொட்டுத் தொட்டுப் படிப்பார்கள்.

தாயார் 1983இல் மறைந்தார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், அடுப்படியை ஒழுங்கு செய்தபோது, கலயத்தில் பாதிக்கு மேல் அரிசி இருந்தது. வீட்டுப் பெண்கள் அதை என்ன செய்வதென்று எம்மைப் பார்த்தார்கள். கோயிலுக்குக் கொண்டுபோனோம். உபதேசியார் படியை எடுத்து அளந்தார். இரண்டேகால் படி. ஏட்டைப் புரட்டித் தேதி எழுதி, யார் பெயரில் என்று கேட்டார். தாயாரின் பெயரைச் சொன்னோம்.