விதி: தலையெழுத்தா, திருவருளா?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

‘விதி’ என்னும் சொல்லை அடியேன் வங்கிப் பணியில் எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறேன். 1991-இல் ஒருநாள், கணவனை இழந்த அம்மையார் ஒருவர், கறவைமாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவணை நீட்டிப்பு வேண்டி வந்தார். “விதிகள் இடம் தரவில்லை, அம்மா” என்றேன். “எல்லாம் என் விதி, ஐயா” என்று சொல்லி எழுந்து சென்றார். அடியேன் வாயில் சட்டமாக நின்ற சொல், அவர் வாயில் தலையெழுத்தாயிற்று.

இரு பொருளுக்கும் மூலம் ஒன்றே. ‘வைத்தல்’ என்னும் பொருளுடைய வடமொழித் தாதுவோடு ‘வி’ என்னும் உபஸர்க்கம் சேர்ந்து ‘விதி’ ஆயிற்று. வகுத்து வைக்கப்பட்டது என்பது கருத்து. ‘இதைச் செய்க’ என்று ஏவும் வேதவாக்யத்தை மீமாம்ஸகர்கள் விதி என்றனர். உலகத்தாரோ பிரமன் தலையில் எழுதிய எழுத்தை விதி என்றனர். எப்படியாயினும், வகுப்பவன் இன்றி வகுக்கப்பட்டது இல்லை. கர்மம் அசேதனம், அது தானே பலன் தராது, ஸர்வேச்வரனே தருகிறான் என்று எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் நிலைநாட்டினார்.

திருவாய்மொழி ஐந்தாம் பத்தின் தொடக்கத்தில் நம்மாழ்வார் இச்சொல்லை ஆள்கிறார். பொய்யாகவே திருநாமங்களைச் சொல்லித் திரிந்த தமக்கு மெய்யடியார் பெறும் பேறு வாய்த்ததே என்று வியக்குமிடம் அது. அங்கே விதி என்பதற்குப் பூர்வாசார்யர்கள் அருளிச்செய்த பொருள் பகவத்கிருபை. விலக்க ஒண்ணாமையே விதியின் இயல்பு. பெருகிவரும் கிருபையும் அத்தகையதன்றோ!

அப்படியானால் அந்த அம்மையாரின் துன்பத்தை விதித்ததும் கிருபைதானா என்று கேட்கலாம். எம்பெருமான் அவரவர் கர்மத்தை நோக்கியே பலன் அளிக்கிறான். ஆகவே அவனுக்குப் பக்ஷபாதமும் இல்லை, இரக்கமின்மையும் இல்லை என்பது சாஸ்த்ரம் தரும் விடை. ஆனால் அந்த விடையைப் பிறர் துன்பத்தின்முன் நின்று சொல்ல நமக்கு அதிகாரம் உண்டா? ஆழ்வார் இவ்விடத்தில் விதி என்றது, தகுதியின்றித் தமக்குக் கிடைத்த பேற்றையே.

ஓய்வுபெற்றபின் காலக்ஷேபத்தில் இப்பாசுரத்தின் வ்யாக்யானத்தைக் கேட்டபோது அந்த அம்மையாரின் முகம் நினைவுக்கு வந்தது. மேலாளர் பரிந்துரைத்தால் மேலிடம் தவணையை நீட்டிக்கலாம் என்றும் அதே விதிகளில் இருந்தது. அடியேன் இரண்டு வரி எழுதியிருந்தால் போதும், எழுதவில்லை. அதை அவர் தம் விதி என்றார். அது அடியேனின் சோம்பல்.

அடியேன் ராமாநுஜதாஸன்